பாய்க் கயிறு மாற்றும் முறை

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் போகிறவர்கள், தூரத்தில் வெள்ளைப் பாய் விரித்துச் செல்லும் படகுகளைப் பார்த்திருப்பார்கள். படகை ஓட்டுவது காற்று. ஆனால் அந்தக் காற்றைப் பாய்க்குள் பிடித்து நிறுத்துவது விரல் கனமுள்ள சில கயிறுகளே. அவற்றை எப்போது, எப்படி மாற்றுவது என்பதே இந்தப் பாடம்.

2024 அக்டோபர் 2 அன்று இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்ற பாய்மரப் படகு கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. 2025 மே 29 அன்று அவர்கள் கோவா திரும்பினர். முதல் துறைமுகமான ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேன்டிலை அடையவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நடுக்கடலில் கயிறு அறுந்தால் வாங்கக் கடை கிடையாது. ஆகவே கயிற்றைப் புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கயிறுகளின் பெயர்கள்

பாய்மரம் சாயாதபடி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துக் கட்டியிருக்கும் எஃகுக் கம்பிகள் ஒரு வகை. அவை அசைவதில்லை. பாயை ஏற்றவும் இறக்கவும், இழுக்கவும் தளர்த்தவும் பயன்படுபவை இன்னொரு வகை. அவற்றை ஓடுகயிறுகள் என்று சொல்லலாம்.

பாயை ஏற்றும் கயிறு ஹேலியார்ட். நம் பழைய கப்பல் வழக்கில் இதற்கு ஆஞ்சான் என்று பெயர். பாயின் பின்மூலையில் கட்டி, காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கும் கயிறு ஷீட், தமிழில் தாமான். இவை தவிர, பலத்த காற்றில் பாயைச் சுருக்கும் கயிறு, முன்பாயைச் சுருட்டும் கயிறு, பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம் என்ற கட்டையைத் தாங்கும் கயிறு ஆகியனவும் உண்டு.

ஆஞ்சான் அறுந்தால் பாய் சரிந்து விழும். சுருட்டும் கயிறு அறுந்தால் புயற்காற்றில் முன்பாய் முழுவதும் தானே விரிந்துகொள்ளும். பாய் இறங்கியிருக்கும் நேரத்தில் பூமைத் தாங்கும் கயிறு அறுந்தால், அது கீழே இருப்பவர் தலையில் விழும்.

எப்போது மாற்றுவது?

கயிற்றுக்கு எதிரிகள் வெயில், உப்பு, உராய்வு. முழு நீளத்தையும் கையில் உருவிப் பார்க்க வேண்டும். மேலுறை இலேசாகப் பிசிறு விட்டிருந்தால் பயமில்லை. உறை கிழிந்து உள்கயிறு தெரிந்தாலும், ஓரிடம் தட்டையாகவோ கடினமாகவோ இருந்தாலும், சூட்டில் உருகிப் பளபளத்தாலும் மாற்றிவிட வேண்டும். பாய் முழுதும் ஏறியிருக்கும்போது மர உச்சியிலுள்ள கப்பியில் வளையும் இடமும், கிளட்ச் பிடிக்கும் இடமும்தான் முதலில் தேயும்.

உப்பேறி விறைத்த கயிறெல்லாம் கெட்ட கயிறல்ல. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மிதமான சோப்பில் அலசி, நிழலில் உலர்த்தினால் மீண்டும் இளகும். பிளீச்சிங் பவுடர் கூடாது. தேய்மானம் தொடங்கும் நிலையிலேயே கயிற்றை முனை மாற்றிப் போட்டால், வளையும் இடமும் மாறி ஆயுள் கூடும்.

என்ன வாங்குவது?

நைலான் நன்றாக நீளும். நங்கூரத்துக்கு அது நல்லது, ஆஞ்சானுக்கு ஆகாது. காற்று வலுக்கும்போது கயிறு நீண்டு பாய் தொய்ந்துவிடும். பயணப் படகுகளுக்கு, உறையும் உள்கயிறும் பின்னிய பாலியெஸ்டரே பொதுவாகப் போதும். டைனீமா என்ற இழை இன்னும் குறைவாக நீளும். அதே எடையுள்ள எஃகைவிடப் பல மடங்கு வலிமையுடையது. ஆனால் விலை அதிகம், வழுக்கும், முடிச்சு நழுவும். பாலியெஸ்டர் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். டைனீமா ஏறக்குறைய 150 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் பெரும்பாலும் டைனீமாவுக்கு மேலே பாலியெஸ்டர் உறை போடுகிறார்கள்.

10 மீட்டர் படகுக்கு ஆஞ்சான் 10 மில்லிமீட்டர், தாமான் 12 மில்லிமீட்டர் கனம் என்பது சாதாரண அளவு. 'கனமாக இருந்தால் நல்லதுதானே' என்று எண்ணக் கூடாது. கப்பியின் பள்ளத்தில் பொருந்தாத கயிறு சிக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நிறத்தில் வாங்கினால் இருட்டிலும் அவசரத்திலும் குழப்பம் வராது.

எப்படி மாற்றுவது?

பெரும்பாலான படகுகளில் ஆஞ்சான் பாய்மரத்தின் உள்ளே ஓடுகிறது. முதல் விதி: புதுக் கயிற்றை இணைக்காமல் பழையதை உருவக் கூடாது. நம் வீடுகளில் தெரிந்த வித்தைதான் இது. பாவாடை நாடாவை உருவிவிட்டால் ஊக்கைக் குத்தித் துழாவ வேண்டும். பழைய நாடாவின் நுனியில் புது நாடாவைத் தைத்து இழுத்தால் ஒரு நிமிட வேலை. 12 மீட்டர் பாய்மரத்துக்குள் துழாவ ஊக்கு கிடையாது.

1. காற்றில்லாத நாளில், படகைக் கட்டி, பாயை முழுதும் இறக்குங்கள். ஆஞ்சானின் ஷேக்கிளைப் பாயிலிருந்து கழற்றுங்கள். மறுமுனையில் முடிச்சு இருந்தால் அவிழ்த்து, கிளட்சைத் திறந்துவிடுங்கள்.

2. அந்த மறுமுனையையும் புதுக் கயிற்றின் ஒரு முனையையும் நேராக வெட்டி, சூடு காட்டி மூடுங்கள். இரண்டையும் நுனிக்கு நுனி வைத்து, மெழுகு நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை தையுங்கள். மேலே மெல்லிய டேப் சுற்றுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், கப்பியில் மாட்டிக்கொள்ளும்.

3. இருவர் இரு பக்கமும் பிடித்து ஓங்கி இழுத்துச் சோதியுங்கள். தையல் விடுவதானால் இங்கேயே விடட்டும்.

4. புதுக் கயிற்றின் கடைசி முனையை ஓரிடத்தில் கட்டிவையுங்கள். ஒருவர் ஷேக்கிள் பக்கம் நின்று மெதுவாக இழுக்க, மற்றவர் புதுக் கயிற்றை முறுக்கில்லாமல் விட்டுக்கொண்டே வர வேண்டும். சிக்கினால் வெடுக்கென்று இழுக்காமல், சற்றுப் பின்வாங்கி மறுபடி இழுங்கள்.

5. இணைப்பு மர உச்சியைக் கடந்து கைக்கு வந்ததும், புது முனையை விடாமல் பிடித்துக்கொண்டு தையலைப் பிரித்து, ஷேக்கிளைக் கட்டுங்கள். மறுமுனையில் எட்டு வடிவ முடிச்சு போடுங்கள்.

6. ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

புதுக் கயிற்றில் ஷேக்கிள் முன்கூட்டியே பின்னப்பட்டிருந்தால் திசையை மாற்ற வேண்டும்: பழைய ஷேக்கிளை வெட்டிவிட்டு, அந்த முனையில் இணைத்து, மறுபக்கத்திலிருந்து இழுக்க வேண்டும்.

இணைப்பு விட்டுப்போனால், ஒருவர் கயிற்று நாற்காலியில் அமர்ந்து மர உச்சிக்கு ஏற வேண்டியிருக்கும். அவரை ஏற்ற ஒரு கயிறு, பாதுகாப்புக்கு இன்னொரு கயிறு என இரண்டு நல்ல கயிறுகள் கட்டாயம் தேவை. நாலு தையல் கூடுதலாகப் போட்டிருந்தால் ஒருவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிராது.

மும்பையில் மழைக்காலத்தில் இத்தகைய படகுகளைக் கரையேற்றிவிடுவது வழக்கம். அந்த மாதங்களே கயிறுகளைக் கழுவிச் சோதிக்க ஏற்ற காலம். அப்போது ஆஞ்சானைக் கழற்றினாலும் அதன் இடத்தில் மெல்லிய கயிறு ஒன்றை இதே முறையில் இழுத்து விட்டுவைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

படகின் நீளம் 10 மீட்டர். பாய்மரத்தின் உயரம் 12 மீட்டர். மரத்தடியிலிருந்து விஞ்ச் வரை 4 மீட்டர். கையில் பிடிக்க 2 மீட்டர். முன்பாய்க்கு இரண்டு தாமான்கள். ஒவ்வொன்றும் படகின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆஞ்சானுக்கும் தாமான்களுக்கும் எத்தனை மீட்டர் கயிறு வேண்டும்?

விடை: ஆஞ்சான் மரத்தில் ஏறி இறங்குவதால் 12 + 12 + 4 + 2 = 30 மீட்டர். தாமான்கள் 15 + 15 = 30 மீட்டர்.