இரைப்பைப் புற்றுநோயும் உயிர்க்குறிகளும்

முன்னுரை

உள்ளத்தில் எழும் உணர்வு உடலின்வழிப் புறத்தே புலப்படுவதை மெய்ப்பாடு எனக் கண்டு, நகை முதல் உவகை ஈறாக எட்டாக வகுத்துரைத்தவர் தொல்காப்பியர். அகத்தே நிகழ்வதைக் கண்ணால் காண இயலாது. புறத்தே தோன்றும் குறியைக் கொண்டே அதனை உய்த்துணர வேண்டும். அக்குறியைப் பிறழ உணர்தலும் உண்டு. கண்ணீர் துயரால் வரும். உவகை மிகுதியாலும் வரும். அடுப்புப் புகையாலும் வரும். குறியைக் காண்பது எளிது. அதன் பொருளைத் தெளிவதே அரிது.

மருத்துவ ஆய்வுலகு இன்று நாடி நிற்பதும் இத்தகைய குறிகளையே. உடலினுள் ஒரு நோய் தோன்றியுள்ளதா, இனித் தோன்றக்கூடுமா, தோன்றியது எம்மருந்துக்குக் கட்டுப்படும் என்பவற்றைக் குருதியிலோ திசுவிலோ அளந்தறியத்தக்க ஒரு பொருளைக் கொண்டு கணிக்கின்றனர். பயோமார்க்கர் என வழங்கும் அப்பொருளை உயிர்க்குறி என்று நாம் இங்குக் குறிப்போம். இரைப்பைப் புற்றுநோய் பற்றிய ஆய்வில் உயிர்க்குறிகள் எவ்வாறு அறியப்பட்டன, அவை எவற்றைக் கூறும், எவற்றைக் கூறா என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓசையின்றி வளரும் நோய்

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 9.7 இலட்சம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 6.6 இலட்சம் பேர் இந்நோயால் மாண்டனர். இவ்விரு எண்களும் இத்துணை நெருங்கி நிற்பதற்குப் பெருங்காரணம், நோய் காலங்கடந்து அறியப்படுவதேயாகும்.

தொடக்க நிலையில் இந்நோய்க்கெனத் தனி அடையாளம் இல்லை. உண்டபின் வயிறு ஊதுதல், நெஞ்சு கரித்தல், பசி மந்தித்தல் போன்றவை தோன்றலாம், தோன்றாமலும் இருக்கலாம். இவை யாவர்க்கும் வருவனவாதலின், 'வாயுக் கோளாறு' என்று கூறி ஒரு மாத்திரையாலும் ஒரு குவளைச் சோடாவாலும் நாள் கடத்துவோர் பலர். உடல் மெலிந்து, உணவு இறங்காமல், மலம் கருத்துக் கழியும்போதே மருத்துவரை நாடுகின்றனர். ஆனால், இரைப்பையின் உட்சுவரளவில் புற்று நிற்கும்போதே கண்டு அகற்றப்பட்டவர்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர் என்பது ஜப்பானிய மருத்துவர்தம் நெடுநாள் பட்டறிவு. ஆகவே, காலத்தே அறிவிக்கும் ஒரு குறி கிடைப்பது உயிர் கிடைப்பதற்கு ஒப்பாகும்.

தவறிய முதற்குறி

இத்துறையின் வரலாறு ஒரு பெரும் பிழையோடு தொடங்குகிறது. டென்மார்க் நாட்டு அறிஞர் யோஹானஸ் ஃபிபிகர், 1907இல் சில எலிகளின் இரைப்பையில் கட்டிகளையும் அவற்றினுள் ஒருவகைப் புழுவையும் கண்டார். கரப்பான் பூச்சியின் வழியே அப்புழு எலியை அடைகிறது என உணர்ந்து, அத்தகைய பூச்சிகளை எலிகளுக்கு இரையாக்கி, கட்டிகளைத் தோற்றுவித்துக் காட்டினார். இதற்கென 1926ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசும் பெற்றார். பின்னர் ஆய்ந்தோரோ, எலிகளின் உணவில் வைட்டமின் ஏ குறைந்திருந்ததே அம்மாற்றங்களுக்கு அடிப்படை என்றும், அவை உண்மைப் புற்றுகள் அல்ல என்றும் கண்டனர்.

இரு பொருள்கள் ஓரிடத்துக் கூடியிருப்பதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. உயிர்க்குறி பற்றிய ஆய்வு அனைத்திற்கும் இதுவே முதற்பாடம் எனலாம்.

பெர்த் நகரில் கண்ட உண்மை

கடும் அமிலம் சுரக்கும் இரைப்பையில் எந்த நுண்ணுயிரியும் நிலைத்து வாழாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்கூற்றியல் அறிஞர் ராபின் வாரன், 1979இல் இரைப்பைத் திசுவில் சுருள்வடிவ நுண்ணுயிரிகளைக் கண்டார். 1981இல் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் இணைந்தார். அந்நுண்ணுயிரியை ஆய்வகத்தில் வளர்க்க இருவரும் பன்முறை முயன்றும் கைகூடவில்லை. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது, இரண்டே நாளில் எறியப்பட வேண்டிய வளர்ப்புத் தட்டுகள் கூடுதல் நாள்கள் கிடந்தன. மெல்ல வளரும் இயல்புடைய அவ்வுயிரி அப்போதுதான் தன்னைக் காட்டியது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இன்று அதன் பெயர்.

அறிஞருலகம் எளிதில் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்நுண்ணுயிரி கலந்த நீர்மத்தைத் தாமே பருகினார். சில நாள்களில் வாந்தியும் குமட்டலும் கண்டன. அகநோக்கிக் கருவியால் ஆய்ந்தபோது இரைப்பை அழன்றிருந்தது. 1994இல் உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்குவன எனத் தெளியப்பட்டவற்றின் முதற்பிரிவில் இக்கிருமியைச் சேர்த்தது. 2005இல் வாரனும் மார்ஷலும் நோபல் பரிசு பெற்றனர்.

ஜப்பானில் உவெமுராவும் அவர்தம் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களுள் 36 பேருக்கு இரைப்பைப் புற்று தோன்றியது. 36 பேரும் கிருமித்தொற்று உடையவர்கள். தொற்றில்லாத 280 பேருள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனினும் தொற்றுடைய 1,246 பேருள் 1,210 பேருக்கு அக்காலத்தில் புற்று வரவில்லை என்பதையும் மறத்தலாகாது. கிருமி இடரைக் காட்டும் குறியே; நோயைக் காட்டும் குறியன்று.

குருதி கூறும் செய்தி

கிருமிக்கும் புற்றுக்கும் இடையே நெடிய வழி ஒன்று உண்டு. அதனைப் படிநிலைகளாக வரைந்து காட்டியவர் கொலம்பியா நாட்டில் பிறந்த பெலாயோ கொரெயா. முதலில் இரைப்பையின் உட்படலம் அழல்கிறது, பின் அதன் சுரப்பிகள் தேய்கின்றன, அடுத்து, அங்குக் குடலுக்குரிய உயிரணுக்கள் தோன்றுகின்றன, அவ்வணுக்கள் ஒழுங்கு குலைகின்றன, இறுதியிலேயே புற்று. இப்பயணத்திற்குப் பல ஆண்டுகள் ஆகும். அவ்வாண்டுகளே மருத்துவர்க்குக் கிடைத்துள்ள வாய்ப்பு.

சுரப்பிகள் தேய்ந்துள்ளதைக் குருதியே காட்டிக்கொடுக்கும். செரிமான நொதியின் முன்வடிவமாகிய பெப்சினோஜன் இருவகைப்படும். முதல்வகை இரைப்பையின் உடற்பகுதிச் சுரப்பிகளில் தோன்றுவது. இரண்டாம்வகை இரைப்பை முழுவதிலும் தோன்றுவது. உடற்பகுதிச் சுரப்பிகள் தேயத்தேய முதல்வகை குறையும். இரண்டாவது அவ்வளவாகக் குறையாது. எனவே, இரண்டற்கும் உள்ள விகிதம் தாழும். முதல்வகை ஒரு மில்லிலிட்டருக்கு 70 நானோகிராமுக்கு மிகாமலும், விகிதம் 3க்கு மிகாமலும் இருப்பின் சுரப்பித் தேய்வு உண்டு எனக் கொள்வது ஜப்பானில் பரவலாக வழங்கிய அளவுகோல்.

இச்சோதனையோடு கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் சோதனையையும் சேர்த்து, மக்களை நான்கு பிரிவாக அந்நாட்டார் பகுத்தனர். இரண்டிலும் குறையில்லாதவர் முதற்பிரிவினர். கிருமி மட்டும் உடையவர் இரண்டாம் பிரிவினர். கிருமியும் சுரப்பித் தேய்வும் உடையவர் மூன்றாம் பிரிவினர். கிருமி புலப்படாமல் தேய்வு மட்டும் உடையவர் நான்காம் பிரிவினர். இவர்களுள் இடர் மிக்கவர் யார்? மூன்றாம் பிரிவினர் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் நான்காம் பிரிவினரே! கிருமியும் வாழமாட்டாத அளவுக்கு அவர்தம் இரைப்பை பாழ்பட்டுவிட்டது. குடிமக்கள் வெளியேறிய பின் வெறிச்சோடிய ஊரில் கள்வனும் தங்குவதில்லை. அதனைக் கண்டு 'கள்வர் பயம் இல்லை' என மகிழ்வது எத்துணைப் பேதைமை! 'கிருமி இல்லை' என்னும் ஒரு வரியை மட்டும் சோதனைத்தாளில் படித்து ஆறுதல் கொள்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிற குறிகளும் அவற்றின் எல்லையும்

சோதனைக்கூடங்களில் பெரிதும் கேட்கப்படுவது சி.இ.ஏ. என்னும் குறி. மாண்ட்ரியால் நகரில் கோல்டு, ஃபிரீட்மன் ஆகிய இருவர் 1965இல் கண்டறிந்தது இது. தொடக்கநிலை இரைப்பைப் புற்றில் இது பெரும்பாலும் இயல்பான அளவிலேயே இருக்கும். புகைபிடிப்போரிடம் புற்று இல்லாதபோதும் உயர்ந்திருக்கும். எனவே நோயைத் தேடுவதற்கு இது உதவாது. அறுவைக்குப் பின் நோய் மீள்கிறதா எனக் கண்காணிப்பதற்கே பயன்படும். அடுப்புப் புகையின் கண்ணீரைத் துயரென்று கொள்வதும், துயருற்றவர் கண்ணில் நீரில்லை என்பதால் நலமென்று கொள்வதும் ஒரே வகைப் பிழைகளே.

வேறொரு வகைக் குறி மருந்தைத் தெரிந்தெடுக்க உதவுவது. இரைப்பைப் புற்றுகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருக்கும். முற்றிய நிலையினராகிய அத்தகையோர்க்கு டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தைச் சேர்த்து அளித்தபோது, இடைநிலை வாழ்நாள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்ந்தது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்று மாதத்திற்கும் குறைவான நீட்சி சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரே பெயருடைய நோயினுள் வேறு வேறு இயல்புகள் உள்ளன என்றும், இயல்பறிந்து மருந்தளிக்க இயலும் என்றும் இந்நோயில் முதன்முதல் மெய்ப்பித்தது அதுவே. 2014இல் 295 கட்டிகளின் மரபுப்பொருளை ஆராய்ந்தோர் இந்நோயை நான்கு வகையாகவே பிரித்துக் காட்டினர்.

குடும்பம் கூறிய சான்று

நியூசிலாந்தில் மாவோரிக் குடும்பம் ஒன்றில் முப்பதாண்டுக் காலத்தில் இருபத்தைந்து பேரளவில் இரைப்பைப் புற்றால் இறந்தனர். மாண்டோருள் பதின்வயதினரும் இருந்தனர். அக்குடும்பத்தார் அதனை மறைக்கவில்லை. ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளரோடு கைகோத்து, தம் மூதாதையர் வரிசையையும், யார் எவ்வயதில் எதனால் இறந்தார் என்பதையும் தலைமுறை தலைமுறையாக எடுத்துரைத்தனர். அச்சான்றின் துணையால், பாரி கில்ஃபோர்டும் குழுவினரும் இ-கேட்ஹெரின் என்னும் புரதத்திற்குரிய மரபணுவில் உள்ள குறையே காரணம் என்று 1998இல் உலகுக்கு அறிவித்தனர். அதன்பின் அம்மரபில் பிறந்தோர் தமக்கு அக்குறை உண்டா என முன்னரே அறிந்து, உண்டெனில் நோய் வருமுன்னரே இரைப்பையை அகற்றிக்கொண்டும், அகநோக்கியால் கண்காணித்துக்கொண்டும் உயிர்பிழைக்கின்றனர். உலகின் பிற பகுதிகளில் வாழும் குடும்பங்களும் அக்கண்டுபிடிப்பால் பயன்பெற்றன.

நம் நாட்டு நிலை

இந்திய நாட்டில் மிசோரம் மாநிலத்தில் இந்நோய் மிகுதி. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடும் ஆண்களைப் பற்றும் முன்னணிப் புற்றுநோய்களுள் ஒன்றாக இதனை நெடுங்காலமாகக் காட்டிவருகிறது. ஆயினும் நாடு முழுமையும் நோக்குங்கால், ஹெலிகோபாக்டர் தொற்று மிகப் பரவலாக இருந்தும் புற்று ஒப்பளவில் குறைவாகவே உள்ளது. ஆய்வாளர் இதனை ஒரு புதிர் என்றே வழங்குகின்றனர். ஆதலின், ஜப்பானியர் வகுத்த அளவுகோலை நம்மவர்க்கு அப்படியே பொருத்திவிடுதல் ஏற்புடையதன்று. நம் மண்ணின் உணவு, உடல்வாகு, கிருமியின் வகை ஆகியவற்றோடு ஒப்பவைத்தே குறிகளின் பொருளைத் துணிதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், உயிர்க்குறி ஒரு சாட்சியே அன்றித் தீர்ப்பு அன்று என்பது பெறப்படும். அகநோக்கியால் கண்டு, திசுவை எடுத்து ஆய்ந்த பின்னரே தீர்ப்பு அமையும். வாரக்கணக்கில் நீடிக்கும் செரியாமையும், காரணமறியா மெலிவும், கருமலமும் உடையோர் குருதிச் சோதனையொன்றைத் தாமே செய்துகொண்டு அமைதியடையாமல், உரிய மருத்துவரை நாடுதல் கடமையாகும்.

எல்லாக் குறிகளினும் விலைகுறைந்த குறி ஒன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ளது. அது குடும்ப வரலாறு. 'பாட்டனார் எதனால் இறந்தார்?' என்று மருத்துவர் வினவுங்கால் விடை கூற அறிந்தோர் நம்மிடையே எத்தனைபேர்? புற்று என்னும் பெயரைச் சொல்லவும் அஞ்சி 'அந்த நோய்' என்போம். பெண்ணெடுப்போரும் பெண்கொடுப்போரும் பின்வாங்குவர் என்று கருதி, இறப்பின் காரணத்தையே வேறாகக் கூறுவோம். அவ்வாறு மறைக்கப்படும் செய்தி, பேரனின் உயிரைக் காக்கவல்ல உயிர்க்குறியாக இருக்கக்கூடும். ஊர்ப்பெரியோர்கள் தம் குடும்பத்து நோய்வரலாற்றை இளையோர்க்கு உள்ளவாறு உரைக்க வேண்டும். மாணவ மாணவியர் அதனைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அதற்கு ஆய்வகம் வேண்டா. ஓர் ஏடும் உண்மை கூறும் துணிவும் போதும்.