அண்ணனின் பைக்கைக் கப்பலேற்றலாமா?

முரசுமோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "சுவிஸில் இருக்கும் அண்ணன் தான் ஓடிய 600 சிசி மோட்டார் சைக்கிளை எனக்கு அனுப்பப் போகிறாராம். கப்பல் கூலி அவருடையது. இங்கே இறக்க எவ்வளவு முடியும்?"

கூலியை விடுங்கள், இறக்க அனுமதி கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதுவும் நிபந்தனைகளோடு. பாவித்த வாகனத்துக்கு வயதெல்லை உண்டு. வங்கியில் நாணயக் கடிதம் திறந்து பணம் போகவேண்டும். அண்ணன் சும்மா தரும் பைக்குக்கு எந்த வங்கி நாணயக் கடிதம் திறக்கும்? பலருடைய திட்டம் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

அன்பளிப்பு என்று எழுதினால் வரி இல்லை என்றொரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அப்படியில்லை. வண்டியின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றையும் கூட்டித்தான் சுங்கம் பெறுமதி போடும். அண்ணன் கட்டிய கூலிக்கும் நீங்கள் வரி கட்டுவீர்கள். மற்ற வரிகளெல்லாம் ஏறிய தொகையின் மேல் 18 வீத வற். கடதாசி சரிவராமல் துறைமுகத்தில் கிடந்தால் தாமதக் கட்டணம் வேறு.

கழற்றி, சாமான் பெட்டிகளுக்குள் பிரித்துப் போட்டு அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். காது கொடுக்காதீர்கள். சுங்கத்தில் செஸி இலக்கம் காட்டாத வண்டியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய முடியாது. பதிவில்லாத வண்டி பரந்தன் சந்தியைத் தாண்டாது.

அதிருக்க, இரணைமடு வாய்க்கால் கரையில் ஓட 200 கிலோ பைக் எதற்கு? வன்னியை ஒரு காலம் சுமந்தது ஹொண்டா எம்டி 90. ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த வண்டி. பெற்றோல் இல்லாத நாட்களில் மண்ணெண்ணெயிலும் ஓடிற்று. மரநிழல் கராஜிலும் பிரித்துப் பூட்டினார்கள். சுவிஸ் பைக்கின் கிளச் கேபிள் அறுந்தால் நீங்கள் அண்ணனுக்குத்தான் போன் எடுக்கவேண்டும். அங்கே வலப்பக்கம் ஓடுவதால் முன்லைட்டின் ஒளியும் வலப்பக்கமே ஏறியிருக்கும். இங்கே இரவில் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

அண்ணன் விடுமுறையில் தானே ஓடித் திரிய ஆசைப்பட்டால் வேறு வழியுண்டு: கார்னே என்ற தற்காலிக இறக்குமதிப் புத்தகம். சுவிஸில் டிசிஎஸ் வாகனக் கழகம் கொடுக்கிறது. வரி இல்லை, பிணை உண்டு. பைக் திரும்பிப் போயே ஆகவேண்டும். உங்களிடம் விட்டுப்போக முடியாது. ஏற்றுமுன் பெற்றோலை வடித்து, பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். கப்பல்காரருக்கு அது ஆபத்தான சரக்கு.

என் தீர்ப்பு: கப்பல் கூலிக்கு வைத்திருக்கும் காசை வங்கியூடாக அனுப்பச் சொல்லி, கிளிநொச்சியில் உதிரிப்பாகம் கிடைக்கும் வண்டியொன்றை எடுங்கள். அண்ணன் விடாப்பிடியாக நின்றால், தயாரிப்பு ஆண்டையும் செஸி இலக்கத்தையும் குறிப்பிட்டு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை பைக் சுவிஸிலேயே நிற்கட்டும்.