நண்டுக்கறிக்குப் பொர்தோவா?

பாரிஸில் கார் து நோர் நிலையத்தில் இறங்கி லா சப்பல் பக்கம் வந்தால், எந்த வீட்டு விருந்திலும் ஓர் அண்ணர் இதைச் சொல்லாமல் எழும்பமாட்டார்: "எங்கட உறைப்புக்குத் தடிச்ச சிவப்பு வைன்தான் தாங்கும். வெள்ளை வைன் பெண்டுகளுக்கு." போன ஞாயிறும் கேட்டேன். மேசையில் முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. பக்கத்தில் 14.5 வீதம் மதுசாரமுள்ள பொர்தோ சிவப்பு வைன். ஒரு மிடறு இறங்கியதும் அண்ணருக்கு மூக்கு நுனியில் வியர்வை, கண்ணில் தண்ணீர். "பாத்தியே, சாமான் வேலை செய்யுது!"

இல்லை அண்ணை. நாக்கு எரியுது, அவ்வளவுதான்.

மிளகாய் நாக்கில் எந்த நரம்பைச் சுண்டுகிறதோ, மதுசாரமும் அதையே சுண்டுகிறது. சுமார் 42 பாகைச் சூட்டில் விழிக்கிற அந்த நரம்பு, மதுசாரம் பட்டால் 34 பாகையிலேயே விழித்துவிடும் என்று 2002இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாய்ச் சூடே அதைவிட அதிகம்! எரிகிற நாக்கில் சிவப்பு வைனின் துவர்ப்பும் சேர்ந்தால் காய்ந்த பாக்கைச் சப்பியது போலிருக்கும். மீன் வெடுக்கு இன்னொரு பக்கம்: வைனில் இரும்புச்சத்து கூடினால் கடலுணவின் வெடுக்கும் கூடும் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த இரும்பு சிவப்பு வைன்களில்தான் பெரும்பாலும் அதிகம்.

நான் இத்தாலியச் சமையலறையில் பதினொரு வருடம் நின்றவன். அங்கே மட்டியும் கணவாயும் வெளியே போகும்போது கூடப் போனது வெர்மென்தீனோ. சார்தீனியாத் தீவின் வடகிழக்கில், கல்லூராவின் கருங்கல் மண்ணில், கடற்காற்றில் விளைகிற வெள்ளைத் திராட்சை. கல்லூராவில் அதிலிருந்து எடுக்கிற வைன் 1996இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்று பெற்றது. எலுமிச்சைப் புளிப்பு, கடைசியில் லேசான கைப்பு, ஓர் உப்புச் சாயல். அந்தத் தீவார் உப்பிட்டுக் காயவைத்த மடவைச் சினையோடு குடிப்பார்கள். எங்களிடம் அதற்குச் சோடி மீன் பொரியலும் சொதியும். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டிவிடும். அண்ணரின் நண்டுக்கறிக்கு? எந்த வைனும் வேண்டாம், மோர் குடியுங்கள். பாலின் புரதம் உறைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

மற்றக் கதைகள் சுருக்கமாக.

"இத்தாலி வைன் பிரெஞ்சு வைனுக்குக் கிட்ட வராது." பிரான்ஸின் புரோவான்ஸில் 'ரோல்' என்று விற்பதும் இதே வெர்மென்தீனோத் திராட்சைதான்.

"பழசானால்தான் ருசி." வெர்மென்தீனோவில் பெரும்பாலானது இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துமுடிக்க வேண்டியது.

"சிவப்பு வைன் இரத்தம் ஊறவைக்கும்." அந்த நிறம் திராட்சைத் தோலுடையது. கர்ப்பிணிக்கு இதை ஊற்றிக்கொடுக்கிற மாமிமாருக்குச் சொல்கிறேன்: ஒரு சொட்டும் கூடாது. பாதுகாப்பான அளவென்று ஒன்றுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது.

உண்மையில் என் கோபம் வைனைப் பற்றியதே அல்ல. கொத்துரொட்டிக்குக் கண்ணாடியில் படம் ஒட்டுகிற எங்கள் கடைகள், சொதியை இடியப்பத்தோடு இலவசமாக, அதுவும் ஆறவிட்டு, சின்னக் கிண்ணத்தில் தருகின்றன. பாலைத் திரையவிடாமல், இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட்டு எடுப்பது சும்மா வேலையா? விலைப்பட்டியலில் அதற்கு ஒரு வரி போடுங்கள். அண்ணர் வெர்மென்தீனோவைத் தொடவேண்டியதில்லை. சொதியைத் தேத்தண்ணிக் கோப்பையில் சுடச்சுடக் குடித்தாலே எனக்குப் போதும்.