கைவேலையும் மொழிவேலையும்

அன்புள்ள தங்கைக்கு,

தொடக்கப் பள்ளி ஆங்கில வகுப்புக்கு என்னென்ன துணைக்கருவிகள் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறாய். பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்தால் சொல்லும் இலக்கணமும் தாமாகவே மனத்தில் ஏறிவிடும் என்ற நம்பிக்கை உன் கேள்விக்குள் இருக்கிறது. அதில் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. சார்ட் அட்டையும் தெர்மோகோலும் வாங்கக் கடைக்குப் போகுமுன், மனத்தில் வைத்திருக்கும் ஒவ்வொரு செயல்பாட்டையும் ஒரு கேள்வியால் சோதித்துப் பார்: ஆங்கிலமே தெரியாத பிள்ளை இதைச் செய்து முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அது நல்ல கைவேலையாக இருக்கலாம், ஓவியப் பயிற்சியாக இருக்கலாம். ஆங்கிலப் பயிற்சி ஆகாது. ஆப்பிள் படத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டும் பிள்ளை அரை மணி நேரம் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த அரை மணியில் 'ஆப்பிள்' என்றோ 'ரெட்' என்றோ ஒரு முறைகூட அது கேட்கவோ சொல்லவோ வேண்டியிருக்காது. அதே பிள்ளைக்கு நான்கு பழங்களின் கோட்டுப்படங்களைக் கொடுத்து, 'கலர் த பனானா ப்ளூ' என்று சொல்லிப் பார். வாழைப்பழம் நீலமாக இருக்காது என்பதால் உலக அறிவு உதவிக்கு வராது. படத்தைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. இரண்டு சொற்களையும் காதில் வாங்கினால்தான் கை நகரும். செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். முதலாவதில் மொழி வேடிக்கை பார்க்கிறது, இரண்டாவதில் வேலை செய்கிறது.

கைக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பைச் சோதனை செய்து பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஆஷர். கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் உளவியல் பேராசிரியராக இருந்த அவர், 1960களில் ஜப்பானிய மொழியையும் ரஷ்ய மொழியையும் வெறும் ஆணைகளாகவே கற்பித்துப் பார்த்தார். நில், நட, கதவருகே ஓடு, நாற்காலியில் உட்கார் என்று ஆணை வர, கற்பவர்கள் பேசாமல் அதைச் செய்ய வேண்டும். தாமே எழுந்து செய்தவர்கள், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடப் பின்னர் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். இந்த முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் வகுப்புகளில் கேட்கும் 'ஸ்டாண்ட் அப், சிட் டவுன்' அதன் தேய்ந்த வடிவம் என்று சொல்லலாம். தேய்ந்தது எங்கே என்று பார். தினமும் ஒரே வரிசையில் சொல்லப்படும் ஆணையை யாரும் கேட்பதில்லை. முன்பெஞ்சுப் பிள்ளை எழுந்தால் பின்பெஞ்சும் எழுந்துவிடுகிறது. ஆஷர் தம் ஆணைகளை ஓயாமல் மாற்றிக் கோத்தார். கற்பவர் அதுவரை கேட்டிராத புதிய சேர்க்கை ஒன்று வரும், அதையும் அவர் செய்துவிடுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தீப்பெட்டியும் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் மூன்று புளியங்கொட்டையும் போதும். 'புட் எ சீட் அண்டர் த ஷெல்', 'புட் எ சீட் பிஹைண்ட் த பாக்ஸ்' என்று மாற்றி மாற்றிச் சொல். சிரட்டை மட்டும் இருந்தால் பிள்ளை கொட்டையை அதற்குள் போட்டுவிடும். அது பழக்கம், அதில் மொழிக்கு வேலையில்லை. பெட்டியும் சிரட்டையும் இரண்டுமே இருந்து, உள்ளே, அடியில், பின்னால் மூன்றுக்கும் வாய்ப்பிருக்கும்போதுதான் அந்தச் சின்னச் சொல் உயிர் பெறுகிறது. தமிழில் 'சிரட்டைக்கு அடியில்' என்று பொருளுக்குப் பின்னால் வருவது ஆங்கிலத்தில் பொருளுக்கு முன்னால் வருகிறது என்பதை நீ விளக்கத் தேவையில்லை. 'அண்டர்' என்று கேட்டதுமே அந்தரத்தில் நின்று, எதற்கு அடியில் என்று அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும் கை அதைக் கற்றுக்கொள்கிறது.

எந்தச் சொற்களைச் சேர்த்துக் கற்பிப்பது என்பதிலும் நம் வழக்கத்தை ஒருமுறை சந்தேகித்துப் பார்க்கலாம். பாடநூல்களும் சுவர்ச் சித்திரங்களும் நிறங்கள் ஒரு பக்கம், பழங்கள் ஒரு பக்கம், உடல் உறுப்புகள் ஒரு பக்கம் என்று இனம் பிரித்தே தருகின்றன. தாமஸ் டிங்கம் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்துப் படித்தவர்கள், தொடர்பற்ற சொற்களைப் படித்தவர்களைவிட மெதுவாகவே கற்றார்கள். ஒன்றுக்கொன்று நெருங்கிய சொற்கள் ஒன்றன் இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்கின்றன. அவருடைய சோதனைகள் சிறு பிள்ளைகளிடம் நடந்தவை அல்ல. அவற்றை அப்படியே ஒன்றாம் வகுப்புக்குச் சட்டமாக்க முடியாது. இருந்தாலும் 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்து, ஆண்டு முழுவதும் பிள்ளைகள் குழம்புவதைப் பார்க்கிற எந்த ஆசிரியருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. ஒன்றை முதலில் ஊன்றிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மற்றதைக் கொண்டு வா. சொற்களை இனமாகச் சேர்ப்பதற்குப் பதில் ஒரு நிகழ்ச்சியைச் சுற்றிச் சேர்ப்பது நல்லது: தோசை வார்ப்பதற்கான மாவு, கரண்டி, ஊற்று, திருப்பு, சூடு ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகள் சைகையோடு செய்துகாட்டலாம்.

இனி கருவிகளின் அழகைப் பற்றி. இது உனக்குப் பிடிக்காத செய்தியாக இருக்கலாம். ஜூடி டெலோஷ் என்ற அமெரிக்க உளவியலாளர், சிறு குழந்தைகளுக்கு ஓர் அறையின் குட்டி மாதிரியைக் காட்டி, அதில் பொம்மை ஒளிந்திருக்கும் இடத்தை வைத்து உண்மையான அறையில் பொம்மையைத் தேடச் சொன்னார். மாதிரியோடு முதலில் விளையாடவிட்ட மூன்று வயதுக் குழந்தைகள் தேடுவதில் பின்தங்கினார்கள். மாதிரியைத் தொட முடியாதபடி கண்ணாடிக்குப் பின்னால் வைத்ததும் இன்னும் சின்னக் குழந்தைகள்கூட முன்னேறினார்கள். ஒரு பொருள் தானே கவர்ச்சியாக இருந்தால், அது வேறொன்றைக் குறிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. உன் வகுப்புப் பிள்ளைகள் அவர்களைவிடப் பெரியவர்கள். ஆனாலும் ஜிகினா ஒட்டிய வினைச்சொல் அட்டையைப் பார்க்கும் பிள்ளைக்கு ஜிகினாதான் தெரியும். பயிற்சி நிறுவனங்களில் துணைக்கருவிக்கு மதிப்பெண் போடும்போது அழகுக்கும் பங்கு உண்டு என்பதை அறிவேன். மதிப்பெண்ணுக்கு ஒன்று செய்து வை. வகுப்புக்குப் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கறுப்பு மையால் எழுதிக்கொள்.

இலக்கணத்துக்கு வருவோம். கையால் செய்வது இங்கே பயன்படாது என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கோ இங்கேதான் அது மிக நன்றாகப் பயன்படும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் ஆங்கில இலக்கணத்தில் பெரும்பகுதி இடத்தைப் பொறுத்தது. 'நாய் மனிதனைக் கடித்தது' என்பதைத் தமிழில் 'மனிதனை நாய் கடித்தது' என்று புரட்டினாலும் கடித்தது நாய்தான். ஐ உருபு காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் 'டாக்', 'மேன்' அட்டைகளைப் பிடித்து நிற்கும் இரண்டு பிள்ளைகள் இடம் மாறினால் மனிதன் நாயைக் கடித்துவிடுகிறான். மாறிய வரிசையை மூன்றாவது பிள்ளை களிமண் பொம்மைகளால் நடித்துக்காட்டட்டும். வகுப்பு சிரிக்கும்; சிரிப்பதற்கே வரிசையைப் படித்தாக வேண்டும்.

இன்னும் நுணுக்கமானது வினையில் சேரும் எஸ். ஒரு துணிக் கிளிப்பில் எஸ் என்று எழுதிக்கொள். 'கேர்ள்', 'வாக்' என்று இரண்டு அட்டைகள். பள்ளிக்கு நடந்து வரும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று கைதூக்கச் சொல். ஒருத்தி என்றால் கிளிப் 'வாக்' அட்டையில் ஏறும்: 'த கேர்ள் வாக்ஸ் டு ஸ்கூல்'. மூன்று பேர் என்றால் அதே கிளிப் 'கேர்ள்' அட்டைக்குப் போகும்: 'த கேர்ள்ஸ் வாக் டு ஸ்கூல்'. இருப்பது ஒரே கிளிப், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் இருக்காது. அடுத்து 'டூ' அட்டையை முன்னால் வை. கேள்வி கேட்கும்போது வினையிலிருந்த கிளிப்பை எடுத்து அதில் மாட்ட வேண்டும்: 'டஸ் த கேர்ள் வாக்?' 'டஸ் த கேர்ள் வாக்ஸ்?' என்று உயர்நிலைப் பள்ளி வரை தொடர்கிற பிழை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. கிளிப்பைக் கழற்றாமல் 'டூ'வில் எதை மாட்டுவாய் என்ற கேள்வியே அதற்கு விளக்கம். ('டஸ்' என்பதன் எழுத்தும் ஒலியும் கொஞ்சம் மாறும், 'டூ' அட்டையின் பின்பக்கத்தில் அதை எழுதி வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது.) இரண்டு எச்சரிக்கைகள். ஒரு பிள்ளையை நடக்கவிட்டு இந்த வாக்கியத்தைச் சொல்லாதே. கண்முன் நடப்பது 'இஸ் வாக்கிங்'. இந்த விளையாட்டு அன்றாடப் பழக்கங்களுக்கு மட்டுமே. 'சில்ட்ரன்', 'மென்' போன்ற பன்மைகளுக்கும் 'ஐ', 'யூ' என்ற எழுவாய்களுக்கும் கிளிப் கணக்கு உதவாது. அவற்றைப் பிள்ளைகள் நன்கு தேறிய பிறகு விதிவிலக்காகக் கொண்டு வா, முதல் வாரத்தில் வேண்டாம். எழுவாய்க்கு ஏற்ப வினை மாறும் என்ற கருத்து தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதே இல்லை. நடக்கிறாள், நடக்கிறார்கள் என்று ஒவ்வொரு வினையிலும் அதைச் செய்துகொண்டேதான் அது பள்ளிக்கு வருகிறது. அதைத் தமிழிலேயே நினைவூட்டிவிடு. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் குற்றம் என்ற எண்ணத்துக்கு நான் மதிப்புத் தருவதில்லை.

இவ்வளவு செய்தும் மறுநாள் பிள்ளை 'ஷி வாக்' என்றே பேசும். இதைத்தான் செயல்வழிக் கற்றலுக்கு எதிரான சாட்சியாகக் காட்டுவார்கள். ஹெய்டி டூலேயும் மரினா பர்ட்டும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானியத் தாய்மொழிப் பிள்ளைகளும் சீனத் தாய்மொழிப் பிள்ளைகளும் ஆங்கிலத்தின் சிறு உறுப்புகளை ஏறக்குறைய ஒரே வரிசையில் பெற்றார்கள் என்று கண்டார்கள். 'இங்', பன்மை எஸ் ஆகியவை முதலில், வினையில் சேரும் எஸ் கடைசிப் பக்கத்தில். எந்த முறையில் கற்பித்தாலும் அது தாமதமாகத்தான் பேச்சில் இறங்கும். கிளிப் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கை கற்றுக்கொள்கிறது, எழுதும்போது கண் திருத்தக் கற்றுக்கொள்கிறது. நாக்குக்கு அவகாசம் கொடு.

கருவி எப்போதும் கையில் இருக்கவேண்டுமா என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். வாழ்நாள் முழுவதும் கிளிப்போடு யாரும் ஆங்கிலம் பேச முடியாது. ஆர்தர் கிளென்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பண்ணைக் கதையைப் படித்துக்கொண்டே, வாசித்த வாக்கியத்துக்கு ஏற்பப் பொம்மை மாடுகளையும் டிராக்டரையும் நகர்த்தினார்கள். வாக்கியத்தை மறுபடி வாசித்தவர்களைவிட இவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பிறகு பொம்மையைத் தொடாமல் நகர்த்துவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோதும் பயன் நீடித்தது. இது ஆங்கிலத்தில் படிக்கும் அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் வழி தெரிகிறது. கிளிப்பை முதலில் மாட்டவிடு, பிறகு மேசைமேல் வைத்துவிட்டு எங்கே மாட்டுவாய் என்று விரலால் காட்டச் சொல், பிறகு வாயால் சொல்லச் சொல். கருவியை எடுத்துவிடும் நாளையும் பாடக் குறிப்பிலேயே எழுதிக்கொள்.

நாற்பது பிள்ளைகளும் இரண்டு வகுப்பும் ஒரே அறையில் இருந்தால் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று கேட்பாய். நம் நாட்டில் நடந்த ஒரு முயற்சி இதற்கு விடை தருகிறது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டத்தில் பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் இல்லை. கரும்பலகை, காகிதம், ரயில் கால அட்டவணை, வரைபடம் இவ்வளவுதான். எந்த ரயிலில் ஏறினால் மாலைக்குள் போய்ச் சேரலாம் என்று பிள்ளைகள் யோசித்தார்கள். அந்த யோசனை ஆங்கிலத்தில் நடந்தது. பின்னர் அலன் பெரெட்டாவும் அலன் டேவிஸும் மதிப்பிட்டபோது, தனி இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் பெரும்பாலும் முந்தினார்கள். சூழலோடு சேர்ந்த இலக்கணத்திலும் சொல்வதை எழுதுவதிலும் திட்டப் பிள்ளைகள் முந்தினார்கள். தேர்வுக்கு என்ன செய்வது என்பாருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாத்தாளுக்கு அதற்கென்று வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்கிவிடு, மீதியைத் தேர்வு விழுங்கவிடாதே. நெட்டுருவையும் ஒதுக்க வேண்டியதில்லை. 'மே ஐ கோ அவுட்' போன்ற முழு வாக்கியங்களைப் பிள்ளை மனப்பாடமாகவே வைத்திருக்கட்டும். அவற்றை உடைத்துப் பார்க்கும் வயது பிறகு வரும்.

ஏ, த இரண்டுக்கும் தமிழில் நேரான இணை இல்லாததால் அவற்றை விட்டுவிடலாமா என்று தோன்றும். விட வேண்டாம், புளியங்கொட்டை மிச்சமிருக்கிறது. ஒரு கிண்ணத்தில் நிறையக் கொட்டை, இன்னொன்றில் ஒன்றே ஒன்று. 'கிவ் மீ எ சீட்' என்றால் நிறைந்த கிண்ணத்திலிருந்து ஏதோ ஒன்று. 'கிவ் மீ த சீட்' என்றால் அந்தத் தனிக் கொட்டை. இரண்டு ஆணைக்கும் இடையே வித்தியாசம் ஒரு சிற்றொலிதான். அதைக் கேட்காமல் கை சரியான கிண்ணத்துக்குப் போகாது. பிள்ளைகளுக்கு இது பழகியதும் ஆணையிடும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, நீ அவ்வப்போது வேண்டுமென்றே தவறான கிண்ணத்தில் கையை வை. உன்னைத் திருத்துவதற்காகவாவது ஏ, த இரண்டையும் அவர்கள் அழுத்திச் சொல்வார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்