கிறிஸ்து பிறப்பு விழாவின் காலைப் பலகாரம்
(மனையியல் பாடக் கட்டுரை)

டிசம்பர் 24ஆம் நாள் இரவு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது மணி இரண்டாகிவிடும். சிறிது கண்ணயர்ந்து எழுந்தால் பெருவிழாவின் காலை. அன்று பகலுணவு எல்லார் வீட்டிலும் தடபுடலாக இருக்கும். ஆனால் காலையில் என்ன உண்பது என்பதை நாம் பெரும்பாலும் கடைசி நேரத்திற்கு விட்டுவிடுகிறோம். முந்தின நாள் சுட்ட முறுக்கும் அதிரசமும் கடையில் வாங்கிய ஒரு துண்டு கேக்கும் தட்டில் ஏறிவிடுகின்றன. அந்தக் காலை வேளைக்கென்று நாமே வீட்டில் செய்யக்கூடிய ரவை கேக் ஒன்றை இந்தப் பாடத்தில் கற்போம். அதை ஏன் முட்டையின்றிச் செய்கிறோம் என்பதையும் காண்போம்.

விழாக் காலை உணவின் பெருமை

முற்காலத்தில் காலைத் திருப்பலியில் நற்கருணை வாங்குவோர் முந்திய நள்ளிரவு முதல் தண்ணீரும் பருகாமல் இருந்தனர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இல் தண்ணீர் இந்த ஒறுத்தலை முறிக்காது என்று அறிவித்தார். 1957இல் உணவுக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்தார். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். இன்றும் அதுவே விதி. நம் பாட்டிமார் காலத்தில் திருப்பலி முடிந்து உண்ட முதல் கவளத்திற்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெருவிழாக் காலையில் சிறப்பான ஒரு பண்டத்தைச் செய்து வைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருப்பதில் வியப்பில்லை.

இலங்கையில் டச்சுக்காரர் 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்டனர். அவர்கள் வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் காலையன்று 'புரூடர்' என்னும் பண்டம் மேசைக்கு வரும். ரொட்டி மாவோடு வெண்ணெய், சர்க்கரை, முட்டை மஞ்சள் கரு, உலர்ந்த திராட்சை ஆகியவற்றைப் பிசைந்து, பொங்கவிட்டு, வரிவரியான அச்சில் சுட்டு எடுப்பார்கள். அதை வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் வைத்து உண்பார்கள். மலாக்காவிலும் இதே வகைப் பண்டம் உண்டு. அங்கே மாவு பொங்குவதற்குக் கள் ஊற்றுவது பழைய முறை. நம் ஆப்ப மாவை நினைவூட்டும் செய்தி இது.

தலச்சேரியில் 1883ஆம் ஆண்டு மாம்பள்ளி பாப்பு என்பவர், மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை காட்டிய மாதிரியைப் பார்த்துக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார் என்று கூறப்படுகிறது. நமக்கு மிக அருகில், பாண்டிச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் 'விவிக்கம்' என்றொரு கேக் உண்டு. மைதாவுக்குப் பதிலாக ரவை; அதனுடன் வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறவைத்த பழ வற்றல். பிரெஞ்சுக்காரர் வழக்கமும் நம்மூர் அடுக்களையும் கலந்து பிறந்த பண்டம் அது. நம் செய்முறைக்கு இந்த விவிக்கமே வழிகாட்டி. ஆனால் அதில் இரண்டு பொருள்களை விலக்கிவிடுகிறோம்: முட்டையும் ரம்மும்.

ஏன் விலக்குகிறோம்?

நாம் வாழ்வது மேல்சித்தாமூர் வட்டாரம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் இங்கேதான் உள்ளது. பார்சுவநாதர் கோயிலும் மலைநாதர் கோயிலும் இவ்வூரின் பழம்பெருமையைச் சொல்லி நிற்கின்றன. நம் தெருவிலும், நாம் போகும் கடையிலும், வகுப்பறையில் பக்கத்து இருக்கையிலும் நயினார் குடும்பத்தார் இருக்கிறார்கள். அவர்கள் ஊனும் முட்டையும் உண்பதில்லை. கள், மது, தேன் ஆகியவற்றையும் விலக்குவர். நோன்பு வழுவாதவர்கள் கதிரவன் மறைந்த பின் உண்ணமாட்டார்கள். மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளையும், முந்தின இரவு சமைத்து வைத்ததையும் தொடாதவர்கள் உண்டு.

விழா நாளில் அண்டை வீட்டாருக்குப் பலகாரத் தட்டு அனுப்புவது நம் வழக்கம். முட்டை சேர்த்த கேக்கை அனுப்பினால் என்ன நேரும்? பெரியவர்கள் முகம் வாடாமல் வாங்கிக்கொள்வார்கள். பிறகு அது உண்ணப்படாமலே போகும். சிறு பிள்ளை அறியாமல் தின்றுவிட்டால் அவர்கள் மனம் புண்படும். கொடுத்த நமக்கும் அது மகிழ்ச்சியில்லை. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில், தாம் உண்ணும் உணவு பிறருடைய மனச்சான்றுக்கு இடறலாகுமானால் அதைத் தாம் விட்டுவிட ஆயத்தமாக இருப்பதாகக் கூறுகிறார். மனையியல் மாணவியர் அடுக்களையில் கடைப்பிடிக்கத் தக்க பாடம் இது.

காலையில் செய்வதற்கும் காரணம் உண்டு. மாலையில் தட்டு அனுப்பினால் இரவுண்ணா நோன்புடையவர்கள் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். மறுநாளோ அது பழைய பண்டமாகிவிடும். அன்று காலை கலந்து, அன்று காலை வெந்து, அன்று காலையே அவர்கள் வீட்டை அடைந்தால் ஒரு தடையும் இல்லை.

தேவையான பொருள்கள்

மெல்லிய ரவை – 300 கிராம்
சர்க்கரை – 200 கிராம்
நெய் – 100 கிராம்
புளிக்காத புதுத் தயிர் – 200 மில்லி
காய்ச்சி ஆறிய பால் – 200 மில்லி (மேலும் 50 மில்லி தனியே இருக்கட்டும்)
உலர்ந்த திராட்சை – 50 கிராம்
வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை – 50 கிராம்
ஏலக்காய் – 4
பேக்கிங் பவுடர் – 1 தேக்கரண்டி
சமையல் சோடா – அரைத் தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை சேர்த்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிறோமே, அதுதான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை வகைகளுக்கு டி.எம்.வி. என்று நம் ஊரின் பெயரையே சுருக்கி வைத்திருக்கிறார்கள். 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. முந்திரியில் அதைவிடக் குறைவு, விலையோ கூடுதல். ஆயினும் இது மண்ணுக்கடியில் விளைவது என்பதால், கொடுக்கப் போகும் வீட்டில் உண்பார்களா என்று முன்னமே கேட்டறிந்து சேர்ப்பது நல்லது. இல்லையேல் முந்திரியே போதும்.

அடுப்பு ஆயத்தம்

மின்சார அடுப்பு இல்லையென்று கவலை வேண்டாம். அடி கனத்த பழைய பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு விரல் உயரத்திற்குச் சலித்துக் காயவைத்த ஆற்று மணலைப் பரப்புங்கள். மணல்மேல் ஒரு பிரிமனையோ சிறிய இரும்பு வளையமோ வைத்து, இறுக்கமான தட்டால் மூடுங்கள். மணல் மெல்லச் சூடேறி, சூட்டை எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கொடுக்கும். மணலின்றி வைத்தால் அடி கருகும், நடு வேகாது.

பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவோர் மூடியின் ரப்பர் வளையத்தையும் குண்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. சிறுமியர் பெரியவர்கள் உடனிருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

செய்முறை

டிசம்பர் 24 மாலை: இரவுப் பொழுதுக்கு உலர்ந்த வேலைகளை மட்டும் வைத்துக்கொள்வோம். திராட்சையைக் காம்பு நீக்கித் துடைத்து வையுங்கள். கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டிரண்டாக உடையுங்கள். சர்க்கரையையும் ஏலக்காயையும் பொடி செய்யுங்கள். கேக் தட்டைக் கழுவித் துடைத்து வையுங்கள். முட்டையோ இறைச்சியோ புழங்கிய பாத்திரமாக அது இருக்கக் கூடாது. மணற்சட்டியையும் அடுப்பருகில் ஆயத்தமாக வைத்துவிட்டால் மனம் கலையாமல் திருப்பலிக்குச் செல்லலாம்.

காலை 5.15 மணி: வாணலியில் நெய்யில் பாதியை விட்டு, ரவையை இளஞ்சூட்டில் மணம் வரும்வரை வறுங்கள். நிறம் மாறலாகாது. இறக்கி ஆறவிடுங்கள்.

காலை 5.30 மணி: தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து, பால், சர்க்கரை, உப்பு, மீதி நெய்யை உருக்கி ஆறவைத்தது ஆகியவற்றைச் சேருங்கள். ரவையைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி மூடி, ஒரு மணி நேரம் வையுங்கள்.

காலை 6.20 மணி: மணற்சட்டியை மூடி மிதமான தீயில் வையுங்கள். பத்து நிமிடம் சூடேறட்டும். கேக் தட்டில் நெய் தடவி ரவை தூவி வையுங்கள்.

காலை 6.30 மணி: ஊறிய மாவைப் பாருங்கள். மிகவும் இறுகியிருந்தால் தனியே வைத்த பாலை விட்டு, இட்லி மாவுப் பதத்திற்குக் கொண்டு வாருங்கள். இப்போதுதான் பேக்கிங் பவுடர், சோடா, ஏலப்பொடி, திராட்சை, கடலை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஒரே பக்கமாகப் பத்துப் பதினைந்து சுற்றுக் கலக்கி, தாமதமின்றித் தட்டில் முக்கால் அளவிற்கு மிகாமல் ஊற்றி, மணற்சட்டிக்குள் இறக்கி மூடுங்கள். தீயைத் தணித்துவிடுங்கள்.

முப்பத்தைந்து நிமிடம் வரை மூடியைத் திறக்க வேண்டாம். பிறகு சுத்தமான தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம் வேகட்டும். மின்சார அடுப்பு உள்ளவர்கள் 180 டிகிரி சென்டிகிரேடில் ஏறக்குறைய 40 நிமிடம் வைக்கலாம்.

தட்டை வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே கவிழ்க்க வேண்டும். சூட்டோடு கவிழ்த்தால் உடைந்து போகும். எட்டு மணிக்குள் துண்டு போட்டுவிடலாம்.

காரணம் அறிவோம்

1. ரவையை நெய்யில் வறுப்பது ஏன்? நெய் ஒவ்வொரு மணியையும் சூழ்ந்துகொள்வதால் பாலும் தயிரும் சேரும்போது கட்டி விழாது. மணமும் கூடும்.

2. ஒரு மணி நேரம் ஊறவைப்பது ஏன்? ரவை கோதுமையின் பருமனான துகள். மைதாவைப் போல நீரை உடனே உறிஞ்சாது. ஊறாமல் சுட்டால் கேக் நறநறவென்று மணலாக உதிரும். ஊறிய துகளிலுள்ள மாவுச்சத்து, சூடேறும்போது நீரோடு சேர்ந்து உப்பிக் கூழாகி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

3. முட்டை செய்யும் வேலையை இங்கே எது செய்கிறது? முட்டைக்கு இரண்டு வேலை. அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது ஒன்று. சூட்டில் உறைந்து மாவைத் தாங்குவது மற்றொன்று. இங்கே காற்றின் இடத்தைச் சோடா நிரப்புகிறது. தயிரிலுள்ள லாக்டிக் அமிலத்தோடு சோடா சேரும்போது கரியமில வாயு உண்டாகிச் சிறு குமிழிகளாகப் பரவும். தாங்கும் வேலையைக் கோதுமைப் புரதமும் தயிர், பால் புரதங்களும் உப்பிய மாவுச்சத்தும் செய்கின்றன.

4. சோடாவைக் கடைசியில் சேர்ப்பது ஏன்? அமிலத்தைத் தொட்டவுடனே வாயு கிளம்பத் தொடங்கிவிடும். முன்னதாகச் சேர்த்தால் கேக் அடுப்பேறும் முன்பே வாயு வெளியேறிப் போகும். பேக்கிங் பவுடரில் சோடாவும் உலர்ந்த அமிலப் பொருளும் சேர்ந்தே உள்ளன. சூடேறிய பின்னும் அது சிறிது வாயுவைத் தரும். ஆகவே இரண்டும் வேண்டும். சோடா அளவுக்கு மிஞ்சினால் கேக்கின் நிறம் கறுத்துச் சவர்க்கார வாடை வீசும்.

5. இடையில் மூடியைத் திறக்கலாகாது என்பது ஏன்? உள்ளே குமிழிகள் விரிந்து நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள மாவு இன்னும் இறுகவில்லை. குளிர்ந்த காற்றுப் பட்டால் குமிழிகள் சுருங்கி நடுப்பகுதி குழி விழும்.

கொடுக்கும் முறை

இந்த அளவிற்குப் பதினாறு துண்டுகள் வரும். வீட்டில் ஆறு பேர் இருந்தாலும் பத்துத் துண்டுகள் பிறருக்குண்டு. முதலில் பிறருக்குரியதைத் தனியே எடுத்து, சுத்தமான வாழையிலையில் வைத்து மூடுங்கள்.

கொண்டுபோய்க் கொடுக்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள்: "அத்தை, இதில் முட்டை சேர்க்கவில்லை. ரவை, தயிர், பால், நெய், சர்க்கரை, கடலைதான். இன்று காலையில் செய்தது. பாத்திரமும் தனிப் பாத்திரம்." இவ்வளவு சொன்னால் போதும். அவர்கள் அச்சமின்றிப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். பொருள்களில் ஏதேனும் ஐயம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். விரதம் என்று சொல்லி வாங்காவிட்டால் வருந்த வேண்டாம். வற்புறுத்தவும் வேண்டாம். அவர்கள் காக்கும் நெறியை நாம் மதித்தோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விழா நாளில் அடுக்களைப் பொறுப்பு முழுவதும் தாயார் ஒருவர் தலையில் விழுகிறது. நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய் வந்தவர் விடியற்காலையில் மீண்டும் அடுப்படியில் நிற்கிறார். மேலே சொன்ன வேலைகளைப் பங்கிட்டால் எவருக்கும் சுமையில்லை. மாலை வேலைகளைச் சிறியவர்கள் செய்யட்டும். வறுப்பதையும் கலப்பதையும் மூத்த பெண் பார்த்துக்கொள்ளட்டும். மணற்சட்டியைத் தூக்கி வைப்பதைத் தந்தையோ அண்ணனோ செய்யலாம். அடுக்களை வேலை ஆண்களுக்கு இழுக்கன்று. தாயார் ஒரு மணி நேரமாவது கூடுதலாகத் தூங்கி எழட்டும்.

மாணவியரே, மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலனைக் காண முதலில் வந்தவர்கள் அண்டை வயல்வெளியில் இருந்த இடையர்கள். அவர் பிறந்த நாளின் முதல் உணவு, அண்டை வீட்டாரும் மனம் கூசாமல் கைநீட்டி வாங்கக் கூடியதாக இருப்பது பொருத்தந்தானே? வருகிற டிசம்பருக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி அளவில் செய்து பழகிக்கொள்ளுங்கள். பாதி அளவிற்கு இருபத்தைந்து நிமிடத்திலேயே ஈர்க்கு வைத்துப் பார்க்கத் தொடங்கலாம். பெருவிழாக் காலையில் கை தடுமாறாது.