நலவாழ்வுப் பாடம்: தராசு சொல்லாத உண்மை



தானியேலும் அவனுடைய மூன்று தோழரும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டபோது வாலிபர்கள். ராஜாவின் போஜனத்தை விலக்கி, 10 நாள் பருப்பையும் மரக்கறியையும் உண்டு தண்ணீர் குடித்தார்கள். அவர்கள் வாடிப்போவார்கள் என்று மேற்பார்வையாளன் பயந்தான். ஆனால் அவர்கள் மெலியவில்லை. மற்றவர்களைவிடத் தேறியிருந்தார்கள் (தானியேல் 1). ஒல்லியாக இருப்பதே ஆரோக்கியம் என்று வேதம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் அதிகாலை ஷிப்டுக்குப் புறப்படும் பெற்றோர் அநேகர். பிள்ளை ஒரு டீயோடு பள்ளிக்கு ஓடுகிறது. மாலையில் அகோரப் பசி. பஜ்ஜி, பரோட்டா, குளிர்பானம். இப்படி ஒரு பிள்ளை பருக்கிறது, இன்னொன்று மெலிகிறது. இருவருக்கும் இரத்தசோகை இருக்கக்கூடும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடையுள்ளவர்கள். 53 பேருக்கு இரத்தசோகை.

நாம் கற்கவேண்டிய பாடங்கள்:

1. எடையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. வயது, உயரம் இரண்டோடும் சேர்த்து வளர்ச்சி அட்டவணையில் பார்க்கவேண்டும். பெரியவர்களுக்கான அளவுகோல் 13 வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது.

2. காலை ஆகாரத்தை விடக்கூடாது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. சரீரம் வேகமாக வளரும் பருவமோ அதற்குப் பிறகே வருகிறது. அப்போது அந்தப் பொறுப்பு வீட்டின்மேல் விழுகிறது. இரண்டு இட்லியும் சாம்பாரும், அல்லது கேழ்வரகுக் கூழும் சுண்டலும் போதும்.

3. 13 முதல் 15 வயதுப் பெண்பிள்ளைக்குத் தினமும் சுமார் 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். கீரை, பயறு, முட்டை, மீன் இவற்றோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்ந்தால் அந்தச் சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது குறையும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வீசிவிட வேண்டாம்.

4. "குண்டு", "ஒல்லிக்குச்சி" என்ற கேலியை வீட்டிலிருந்தே விலக்குங்கள். கேலிக்குப் பயந்து இரகசியமாகப் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் உண்டு. சாப்பிட்டதை வாந்தியெடுத்தாலோ, மாதவிலக்கு நின்றாலோ, அடிக்கடி மயக்கம் வந்தாலோ தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். திட்டவேண்டாம்.

இரத்தப் பரிசோதனைக்குச் செலவாகுமே என்று தயங்கும் தாய்மார் நம்மிடம் வருகிறார்கள். "பிள்ளை சோர்ந்திருக்கிறாள்" என்பார்கள், அவ்வளவே. உங்கள் காணிக்கை அந்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் உதவுகிறது. நம் சரீரம் தேவனுடைய ஆலயம் என்பதை அந்தப் பிள்ளை அறிந்துகொள்ளவும் அதுவே வாசலாகிறது.

ஜெபக் குறிப்புகள்: வளரும் பிள்ளைகளுக்காகவும், அதிகாலையில் வேலைக்குச் செல்லும் தாய்மாருக்காகவும், நம் செவிலியருக்காகவும் ஜெபியுங்கள். இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளையோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.