எச்சிலால் எழும் இல்லம்

தூக்கணங்குருவி நாரைப் பின்னுகிறது. தையற்சிட்டு இலையைத் தைக்கிறது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் உழவாரக்குருவி வகையொன்றோ தன் எச்சிலைக்கொண்டே கூடு சமைக்கிறது. அதன் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

இனப்பெருக்கக் காலத்தில் இதன் நாவின்கீழ்ச் சுரப்பிகள் பருக்கின்றன. ஆணும் பெண்ணும் குகைச் சுவரைப் பற்றிக்கொண்டு, தலையை இருபுறமும் அசைத்து, எச்சிலை இழைமேல் இழையாகப் பூசுகின்றன. அது காற்றில் உலர்ந்து, வெண்ணிறப் பிறைபோன்ற தொட்டிலாக இறுகுகிறது. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட உழைப்பு. எடையோ சுமார் 10 கிராம்! அத்தொட்டிலில் இடுவது இரண்டு வெண்முட்டைகளே. காரிருளில் வழியறியச் சொடுக்கொலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுப் பறக்கிறது. வௌவால்கள் பலவற்றின் ஒலி நம் செவிக்கு எட்டாது; இதன் ஒலி எட்டும்.

இக்கூட்டை வடிசாறாக்கி அருந்துதல் சீனரிடையே நெடுநாள் வழக்கம். ஆகவே விலை மிகுந்தது. விலை மிகவே களவும் மிகுந்தது. முட்டையிடுமுன் கூட்டைப் பறித்தால் பறவை மீண்டும் கட்டும், மீண்டும் பறிப்பர். முட்டையோ குஞ்சோ இருப்பின் அவற்றை எறிந்துவிட்டுக் கூட்டைக் கொள்வதும் உண்டு. 1990-களில் இத்தீவுகளில் ஆய்ந்த பறவையியலறிஞர் ரவி சங்கரன், பத்தாண்டுகளில் இவ்வினம் ஏறத்தாழ 80 விழுக்காடு குன்றியதென மதிப்பிட்டார்.

நாம் நாடோறும் ஏற்கும் இரண்டாம் சீலத்தின் சொற்பொருள், கொடுக்கப்படாததைக் கொள்ளாமை என்பதாகும். குகையும் காடும் அரசுடைமை எனலாம், எச்சில் எவருடைமை?

அங்ஙனமாயின் குஞ்சு பறந்தபின் எஞ்சிய கூட்டை எடுப்பதும் குற்றமோ என அன்பர்கள் வினவக்கூடும். உடையவர் எறிந்த கந்தையைப் பிக்குகள் எடுத்து ஆடையாக்கிக்கொள்ளப் பகவன் இசைந்தார் அன்றோ? பாம்சுகூலம் என்பது அதுவே. ஆதலின் குற்றமன்று என்பது எமது துணிபு. ஆயினும், விட்டொழிந்த பொருள்தானா என்று தெளியும்வரை காத்திருத்தல் வேண்டும். இக்குருவியிடத்து அக்காத்திருப்பு சிறிதன்று: அடைகாப்பு மூன்று வாரத்திற்கு மேல், பின்னர்க் குஞ்சு பறப்பதற்கு ஏறக்குறைய ஆறு வாரம்.

வனத்துறையும் கோயமுத்தூர் சலீம் அலி பறவையியல் நிலையமும் 1999-இல் தொடங்கிய காப்புமுறை இதனையே அடிப்படையாகக் கொண்டது. வட அந்தமானில் 'சாலிஸ் ஏக்' என்னும் குகைத்தொகுதி உளது. அங்கே முன்னர்க் கூடு பறித்தோரையே காவலராக அமர்த்தினர். எந்தச் சுவரில் எத்தனை கூடுகள் என அவர்களைவிட அறிந்தார் யார்? கூடுகட்டும் பருவத்தில் குகையருகே முகாமிட்டு, குஞ்சுகள் பறந்து போகும்வரை அவர்கள் காவல் இருந்தனர்.